தறி இரைச்சலும் தொழிலாளியின் ஹார்மோன்களும்: அளப்பது முதல் தடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் ஆகிய ஊர்களின் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர்களிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பழகிவிட்டது" என்பதுதான். அந்தப் பதில் பொய்யல்ல. சத்தத்தால் வரும் எரிச்சலை மனம் சில வாரங்களில் ஒதுக்கிவைத்துவிடுகிறது. ஆனால் மனம் பழகியதால் சுரப்பிகளும் இரத்தக் குழாய்களும் பழகிவிட்டன என்று கொள்ள முடியாது. செவியின் கேட்கும் திறன் குறையப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஹார்மோன்களின் மாற்றமோ முதல் ஷிப்டிலேயே தொடங்குகிறது. தறிக்கூடத்தை நடத்துபவர்கள், அதில் வேலை செய்பவர்கள், அவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவப் பணியாளர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நூற்பாலை, தகரப் பட்டறை, கல் உடைக்கும் ஆலை, ஜெனரேட்டர் அறை ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கும் இதில் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

நாடாத்தறியின் சத்தம் ஒரே சீராக வரும் இரைச்சல் அல்ல. ஒவ்வொரு ஊடை இழைக்கும் பிக்கிங் கட்டை, இழையைச் சுமந்து செல்லும் நாடாவை அடித்து எறிகிறது, நாடா மறுபக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது, அச்சு வந்து இழையை அடித்துச் சேர்க்கிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை இந்த அடிகள் விழுகின்றன; ஒரு கூடத்தில் பல தறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஓடுகின்றன. இத்தகைய கூடங்களில் 95 முதல் 105 டெசிபல் வரை சத்தம் இருப்பது வழக்கம்.

இந்த அதிர்வுகள் உட்செவியின் நத்தை எலும்பில் உள்ள மயிர்ச் செல்களைத் தொட்டு நரம்புத் துடிப்பாக மாறியதும், அவை ஒரே பாதையில் மட்டும் செல்வதில்லை. ஒரு பாதை பெருமூளையின் கேட்கும் பகுதிக்குப் போகிறது. நாம் 'கேட்கிறோம்' என்று உணர்வது அதன் மூலம்தான். இன்னொரு பாதை மூளைத்தண்டிலிருந்து, அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும், அங்கிருந்து ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸுக்கும் செல்கிறது. இந்த இரண்டாவது பாதை நம் சம்மதத்தைக் கேட்பதில்லை. உறங்கும் மனிதனையும் ஓசை எழுப்ப வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. அதனால்தான், தான் சத்தத்தைக் கவனிக்கவே இல்லை என்று உண்மையாகவே நம்புகிற தொழிலாளியின் உடலிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஹைப்போதலாமஸ் இரண்டு வழிகளில் எச்சரிக்கை விடுகிறது. முதலாவது விரைவானது: பரிவு நரம்பு மண்டலத்தின் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி தூண்டப்பட்டு, சில நொடிகளுக்குள் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது; நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் வெளியாகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரண்டாவது வழி மெதுவானது: ஹைப்போதலாமஸின் தூண்டலால் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை வெளியிட, அதன் பேரில் அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. கார்ட்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, இன்சுலினின் வேலையைத் தடைப்படுத்துகிறது, நோயெதிர்ப்பின் சில பகுதிகளை அடக்குகிறது. ஆபத்து நேரத்தில் இவை அனைத்தும் உயிரைக் காப்பவை. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ வேண்டிய சில நிமிடங்களுக்காக அமைந்த இந்த ஏற்பாடு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், இருபது ஆண்டுகள் இயங்கும்போதுதான் தீங்காக மாறுகிறது. நீடித்த நெருக்கடியில் உடல் முதலில் எச்சரிக்கை அடைந்து, பிறகு தாக்குப்பிடித்து, இறுதியில் களைத்துப்போகிறது என்பதை ஹார்மோன் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936இல் முன்வைத்தார். இரைச்சலைப் பற்றிய பிந்தைய ஆய்வுகள் பலவும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவையே.

கார்ட்டிசாலுக்கு ஒரு நாள்வட்டம் உண்டு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டு, மாலையில் இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. மாலையில் அது இறங்கினால்தான் உடல் ஓய்வுக்குத் தயாராகும். எனவே கார்ட்டிசால் எவ்வளவு கூடியது என்பதைவிட, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஆய்வுகள் எதை உறுதியாகச் சொல்கின்றன

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்றை இஸ்ரேலைச் சேர்ந்த மெலமெட், புரூஹிஸ் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்டனர். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நெடுங்காலம் வேலை செய்த தொழிலாளர்களின் சிறுநீரில் கார்ட்டிசாலை அளந்தபோது, மாலையில் எதிர்பார்க்கப்படும் இறக்கம் அவர்களிடம் சரிவரக் காணப்படவில்லை. அதே தொழிலாளர்கள் ஒரு வாரம் நல்ல காதுக்காப்பை அணிந்து வேலை செய்தபோது, வேலை முடியும் நேரத்தில் கார்ட்டிசால் குறைந்தது; களைப்பும் எரிச்சலும் கூடவே குறைந்தன. வேலையும் முதலாளியும் கூலியும் மாறவில்லை. காதுக்குள் போன சத்தம் மட்டுமே மாறியது. வீட்டில் மாலை வேளையில் வரும் சிடுசிடுப்பைக் குணக்கேடு என்று குடும்பத்தார் எண்ணிவிடும் இடங்களில், இந்த முடிவை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கேரி எவன்ஸும் டானா ஜான்சனும் 2000இல் வெளியிட்டது. எழுத்தர் வேலை செய்யும் பெண்களை மூன்று மணி நேரம் சாதாரண அலுவலகச் சத்தத்தில் அமர்த்தியபோது, அவர்களின் சிறுநீரில் அட்ரினலின் கூடியிருந்தது. தீர்க்க முடியாத புதிர்களை அவர்கள் சீக்கிரமாகவே கைவிட்டனர். ஆனால் தமக்கு மனஅழுத்தம் கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. நார்அட்ரினலினும் கார்ட்டிசாலும் அந்தச் சோதனையில் கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கார்ட்டிசால் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகின்றன. சத்தத்தின் அளவு, ஷிப்டு, மாதிரி எடுத்த நேரம், வேலையின் சிக்கல் ஆகியவை அவற்றைப் பாதிக்கின்றன. தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள் பற்றி இணையத்தில் உலவும் அழுத்தமான கூற்றுகளுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் எலிகளின் மேல் நடந்த சோதனைகளே. அவற்றை வைத்துத் தொழிலாளியைப் பயமுறுத்துவது முறையல்ல.

இதயத்தைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் கனமானவை. 2002இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பணியிடச் சத்தம் ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்த 27,464 பேரைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வு, உரத்த சத்தத்தில் நெடுநாள் வேலை செய்தவர்களிடம் மாரடைப்பு மரணம் கூடுதலாக இருந்ததையும், அவர்கள் வேலையில் இருந்த காலத்தில் அந்தத் தொடர்பு மேலும் வலுவாக இருந்ததையும் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் இணைந்து நடத்திய மறுஆய்வோ, 85 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள பணியிடச் சத்தத்துக்கும் இதயத் தமனி நோய்க்கும் உள்ள தொடர்பை 'வரம்புக்குட்பட்ட சான்று' என்ற அளவில்தான் ஏற்றது. செவித்திறன் இழப்பு ஐயத்துக்கு இடமில்லாதது. இரத்த அழுத்தமும் இதயமும் கவனிக்கத் தக்க அளவுக்குச் சான்று உள்ளவை. பிற ஹார்மோன்களைப் பற்றிய பேச்சு ஆய்வு நிலையில் இருப்பது. இந்த மூன்று தட்டுகளையும் கலந்துவிடாமல் பேசுவதே நேர்மை.

முதற்படி: சத்தத்தை அளந்து எழுதுங்கள்

கருவி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு கை நீள தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே 85 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருக்கக்கூடும். காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டிய நிலை அதைவிட மிகவும் மோசமானது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பருத்தி ஆலைகளில் பெண்கள் உதட்டசைவாலேயே ஒரு தனிப் பேச்சுமுறையை வளர்த்துக்கொண்டார்கள். நம் தறிக்கூடங்களிலும் கையசைவும் உதட்டசைவும்தான் மொழி. அப்படி ஒரு கூடம் பேசத் தொடங்கியிருந்தால், அளவீடு தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை.

அளப்பதற்கு ஒலிமட்ட அளவுமானி வேண்டும். அது இல்லாதபோது, அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நயாஷ் ஐபோனுக்காக வெளியிட்டுள்ள இலவசச் செயலி தொடக்கத்துக்குப் போதுமானது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் ஒலிவாங்கிகள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், அவற்றில் வரும் எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கருவியை மனிதச் செவியின் உணர்வுக்கு ஒத்த 'ஏ' அளவீட்டிலும், மெதுவான பதிலளிப்பிலும் வையுங்கள். தொழிலாளி வழக்கமாக நிற்கும் இடத்தில், அவருடைய காது இருக்கும் உயரத்தில், எல்லாத் தறிகளும் ஓடும் நேரத்தில் சில நிமிடங்கள் அளந்து சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊடை நூலைத் தாராகச் சுற்றும் இடம், பாவு பிணைக்கும் இடம், உணவருந்தும் இடம், கூடத்தை ஒட்டிய வீட்டின் படுக்கையறை ஆகியவற்றையும் விடாதீர்கள். தறி எண், நேரம், தேதி, எத்தனை தறி ஓடியது என்பவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு செய்யும் எந்த மாற்றமும் பலன் தந்ததா என்பதைச் சொல்லப்போவது இந்த நோட்டுதான்.

இரண்டாம் படி: அளவை நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. ஒரே அளவில் ஒலிக்கும் இரண்டு தறிகள் சேர்ந்தால் ஒன்றைவிட 3 டெசிபல்தான் கூடும். எட்டில் நான்கு தறிகளை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். ஆகவே தறிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் வரும் பலன் சிறியது. மற்றவற்றைவிட அதிகமாகக் கத்தும் ஒரு தறியைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வதே அறிவுடைமை.

இந்தியாவின் தொழிற்சாலை மாதிரி விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 4 மணி நேரத்துக்கு 95, 2 மணி நேரத்துக்கு 100, ஒரு மணி நேரத்துக்கு 105 என்று எல்லை வகுக்கின்றன. 115 டெசிபலுக்கு மேல் எந்த நேரமும் அனுமதியில்லை. நயாஷின் பரிந்துரை இதைவிடக் கண்டிப்பானது: 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 100 டெசிபல் உள்ள கூடத்தில் ஒருவர் 12 மணி நேரம் நின்றால், இந்திய விதியின்படியே அனுமதிக்கப்பட்டதைப் போல 6 மடங்கு வாங்குகிறார். நயாஷ் கணக்கில் அங்கே அவர் நிற்கக்கூடியது 15 நிமிடம்தான். அவர் வாங்குவது 48 மடங்கு. சட்டத்தின் எல்லை எது, உடலின் எல்லை எது என்று கேட்டால் இரண்டாவது கணக்கைப் பின்பற்றுங்கள் என்றே நான் சொல்வேன். ஒலியாற்றலின் இயல்போடு ஒத்துப்போவது அதுதான்.

மூன்றாம் படி: உடலைச் சோதியுங்கள், ஆனால் தவறான சோதனைக்குப் பணம் செலவிடாதீர்கள்

கார்ட்டிசால் பற்றிப் படித்தவுடன் ஆய்வகத்துக்குப் போய் ஒரு கார்ட்டிசால் சோதனை எடுக்கத் தோன்றும். அது வேண்டாம். ஒருநாள் காலையில் எடுத்த ஒரே ஒரு எண், சத்தத்தின் பாதிப்பைப் பற்றி எதையும் சொல்லாது. நேரம், உறக்கம், காய்ச்சல், ஸ்டீராய்டு மருந்து என்று பலவும் அதை மாற்றும். ஆய்வாளர்கள் ஒரே ஆளிடம் நாளின் பல வேளைகளில் மாதிரி எடுத்து ஒப்பிடுவது இதனால்தான். தொழிலாளிக்குப் பயன்படுபவை எளிமையானவை.

இரத்த அழுத்தத்தை வேலைநாள் மாலையிலும் வார விடுமுறை நாள் மாலையிலும் ஒரே கருவியால், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை மேசையில் தாங்கலாக வைத்து, இருமுறை அளந்து எழுதுங்கள். சில வாரங்கள் தொடர்ந்து எழுதினால், வேலைநாளுக்கும் ஓய்வுநாளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பது தெரியவரும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு செல்லுங்கள். 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் காத்திருக்க வேண்டாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவிக்கு ஆடியோகிராம் என்னும் கேள்திறன் பதிவு இன்றியமையாதது. வேலையில் சேரும்போது ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் உரத்த சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். வார விடுமுறைக்கு மறுநாள் காலை பொருத்தமான நேரம். ஷிப்டு முடித்து நேராக வந்தால், தற்காலிகமாக மந்தமான செவியே பதிவாகும். இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சின் அடித்தளமான தாழ்ந்த ஓசைகள் அப்போதும் நன்றாகக் கேட்பதால், தொழிலாளி தனக்கு ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். 'ச', 'ப', 'த' போன்ற மெய்யொலிகள் குழம்புவதும், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எதிரே இருப்பவரின் பேச்சு பிடிபடாமல் போவதும், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதும், இரவில் காதுக்குள் ரீங்காரம் கேட்பதும் அடுத்து வரும் அடையாளங்கள். ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்களே உள்ளன. மனிதரிடம் அவை மறுபடி முளைப்பதில்லை. இழந்ததை மீட்டுத் தரும் மருந்து எதுவும் இல்லை என்பதால், எண்ணெய் விடுவது, சொட்டு மருந்து வாங்குவது ஆகியவற்றில் காலத்தைக் கழிக்க வேண்டாம்.

ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளும், டொலுயீன் கலந்த கரைப்பான்களும் செவியைத் தாமாகவே பாதிக்கக்கூடியவை. சத்தத்தோடு சேரும்போது தீங்கு கூடுகிறது. காசநோய்க்கோ வேறு நோய்க்கோ சிகிச்சைக்குப் போனால், தறிக்கூடத்தில் வேலை செய்வதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறையுங்கள்

காதை அடைப்பதற்கு முன் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்ற வரிசை காரணத்தோடு வந்தது. இயந்திரத்தில் குறையும் சத்தம் எல்லாருக்கும் எல்லா நேரமும் குறைகிறது. ஒருவரின் கவனத்தையோ ஒழுங்கையோ அது நம்பியிருப்பதில்லை. நாடாத்தறியில், நாடாவை அடித்துத் தேய்ந்த பிக்கர், தளர்ந்த நட்டுகள், ஆடும் பல்சக்கரங்கள், எண்ணெய் காணாத தாங்கிகள் ஆகியவை தேவையற்ற சத்தத்தை எழுப்புகின்றன. நாடா வந்து மோதும் இடத்தில் உள்ள தாங்கு பஞ்சு கெட்டியாகிப் போயிருந்தால் மாற்றுங்கள். இரும்புப் பல்சக்கரங்கள் சிலவற்றுக்குப் பதில் நைலான் சக்கரம் பொருத்த முடியும். தறியின் கால்களுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் விரிப்பு வைத்தால் தரை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும். இவற்றில் பல, தறியின் ஆயுளையும் துணியின் தரத்தையும் கூட்டுபவை என்பதால் முதலாளிக்கும் இழப்பில்லை.

தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் சத்தத்தை விழுங்காமல் திருப்பி எறிகின்றன. கூரையின் அடியில் பாறைக் கம்பளி (ராக் வூல்) அடைத்த பலகைகளைத் தொங்கவிட்டால் கூடத்தின் பொதுவான முழக்கம் குறையும். ஆனால் பஞ்சுத் தூசி நிறைந்த இடத்தில் எரியக்கூடிய நுரையையோ தென்னை நாரையோ தொங்கவிடுவது தீ விபத்தை அழைப்பதாகும். எரியாத பொருளையே தேர்ந்தெடுத்து, தூசியை ஒழுங்காகத் துடைக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தறியை ஒட்டி நிற்பவரின் காதுக்கு வருவதில் பெரும்பகுதி நேரடிச் சத்தம். கூரைப் பலகை அவருக்குத் தரும் நிவாரணம், தள்ளி நிற்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. உண்மையான பெரிய மாற்றம் நாடா இல்லாத ரேப்பியர் தறிக்கு மாறும்போதுதான் வரும். அதற்கான முதலீடு சிறு உரிமையாளருக்குச் சுமை என்பதை அறிவேன். தறியை மாற்றும் முடிவை எடுக்கும் நாளில், வேகத்தையும் விலையையும் கேட்பதோடு, அதன் ஒலிமட்டம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவும் அதன் விசைத்தறிச் சேவை மையங்களும் தறி பராமரிப்பு குறித்த தொழில்நுட்ப உதவிக்கு அணுகத் தக்கவை.

ஐந்தாம் படி: நேரத்தையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்துங்கள்

ஹார்மோன்களைப் பொறுத்தவரை இந்தப் படியே உயிர்நாடி. அட்ரினலினும் கார்ட்டிசாலும் தணிய உடலுக்கு அமைதி வேண்டும். ஆகவே இடைவேளை என்பது கூடத்தின் மூலையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதாக இருக்கக் கூடாது. 70 டெசிபலுக்குக் கீழே சத்தமுள்ள ஓர் அறையோ மரத்தடியோ வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எட்டு மணியாக்குவது சத்தத்தின் அளவையும் குறைக்கிறது, மீள்வதற்கான நேரத்தையும் கூட்டுகிறது. நெய்த அளவுக்குக் கூலி என்ற முறையில் இது உடனே கைகூடாது என்பது எனக்குத் தெரியும். கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் விலைவாசியோடு ஷிப்டின் நீளத்தையும் ஒரு பொருளாக வைக்கத் தொழிற்சங்கங்கள் முன்வர வேண்டும்.

இரவு ஷிப்டு செய்பவருக்குச் சுமை இரட்டிப்பு. இருட்டில் சுரக்க வேண்டிய, உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் ஹார்மோன் வெளிச்சத்தால் அடங்குகிறது. பகலில் உறங்க முயலும்போது பக்கத்துத் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. உறக்கத்தில் எழும் சத்தம், ஆளை எழுப்பாவிட்டாலும் இதயத் துடிப்பை ஏற்றுகிறது. வீட்டையும் தறியையும் ஒரே சுவர் பிரிக்கும் குடியிருப்புகளில் படுக்கும் இடத்தைத் தறியிலிருந்து மிகத் தள்ளிய அறைக்கு மாற்றுங்கள். பொதுச் சுவரில் உள்ள சன்னலையும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். குழந்தைகள் படிக்கும் இடத்துக்கும் இதே விதி.

கைப்பேசியில் பாட்டுக் கேட்டபடி தறி ஓட்டும் இளைஞர்கள் பெருகியுள்ளனர். தறியின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக அவர்கள் ஒலியை மேலும் ஏற்றுகிறார்கள். அந்த இயர்போன் காதுக்காப்பு அல்ல. செவிக்கு அது இரண்டாவது தறி.

ஆறாம் படி: காதுக்காப்பைச் சரியாகத் தேர்ந்து சரியாக அணியுங்கள்

பஞ்சைக் காதில் திணிப்பது பயன் தராது. நுரையாலான காதடைப்பானை விரல்களால் மெலிதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்னே இழுத்து, துளை நேரானதும் உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அணிந்தபின் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சத்தம் மேலும் கணிசமாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை என்று பொருள். வேலைக்கு நடுவே எண்ணெய்க் கையால் அதைத் தொட வேண்டாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தணிப்பு எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அந்த எண்ணிலிருந்து 7ஐக் கழித்துப் பாதியாக்குவது நடைமுறைக்கு ஒத்த கணக்கு. 29 என்று அச்சிட்டிருந்தால் உண்மையில் 11 டெசிபல் குறையும் என்று கொள்ளலாம். 100 டெசிபல் கூடத்தில் அது 89க்குத்தான் கொண்டுவரும். காதடைப்பான் மட்டும் போதாது, இயந்திரமும் மாற வேண்டும் என்று நான்காம் படியில் வற்புறுத்தியது இந்தக் கணக்கினால்தான். அடைப்பானோடு காதுமூடியையும் சேர்த்து அணிந்தால் மேலும் ஏறத்தாழ 5 டெசிபல் கிடைக்கும். 30 டெசிபல் முழுமையாகத் தணிக்கும் கருவியைக்கூட எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால், நாள் முழுதுக்குமான பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். எனவே விலை உயர்ந்ததைவிட, வியர்க்கும் கூடத்திலும் நாள் முழுதும் கழற்றாமல் அணியத்தக்கதைத் தேர்ந்தெடுங்கள். தொழிலாளிகள் இரண்டு மூன்று வகைகளை அணிந்து பார்த்து, தமக்கு ஒத்துவருவதைத் தாமே எடுத்துக்கொள்ள உரிமையாளர் வழிசெய்ய வேண்டும்.

ஏழாம் படி: கர்ப்பிணிகளுக்குத் தனி ஏற்பாடு

தாய் அணியும் காதடைப்பான் கருவில் உள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு தராது. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் வயிற்றுச் சுவரைக் கடந்து செல்பவை. ஆறாம் மாதத்தை ஒட்டிக் குழந்தையின் உட்செவி வேலை செய்யத் தொடங்குகிறது. சுவீடனில் 1986 முதல் 2008 வரை பிறந்த சுமார் 14 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, கர்ப்ப காலத்தில் முழுநேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வேலை செய்த தாய்மாரின் குழந்தைகளிடம் செவித்திறன் குறைபாடு ஏறத்தாழ 80 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் கண்டது. கர்ப்பம் உறுதியானதும் மடிப்பு, சரிபார்ப்பு போன்ற அமைதியான பணிக்கு, கூலி குறையாமல் மாற்றுவதே தகும். கூலி குறையும் என்றால் பெண்கள் செய்தியை மறைத்து வேலை செய்வார்கள். அந்தச் சூழலை உருவாக்கிவிட்டு அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

எட்டாம் படி: சட்டம் தருவதைக் கேட்டுப் பெறுங்கள்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்திருந்தது. தொழில்சார் பாதுகாப்பு குறித்த 2020ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் அதைத் தக்கவைத்துள்ளது. இந்த நோயைக் கண்டறியும் மருத்துவர் அரசின் தலைமை ஆய்வாளருக்கு அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் இது தொழில்வழி நோய். உரத்த சத்தமுள்ள அத்தகைய வேலையில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருந்தால், பணியிட விபத்தில் காயமடைந்ததற்கு இணையாகக் கருதப்படும். இழப்பீடு கோருபவரின் கையில் இருக்க வேண்டியவை: வேலையில் சேர்ந்த காலத்து ஆடியோகிராம், பின்னர் எடுத்தவை, கூடத்தின் ஒலிமட்டப் பதிவு, வேலை செய்த ஆண்டுகளைக் காட்டும் சம்பளச் சீட்டு அல்லது ஈ.எஸ்.ஐ. பதிவு. சட்டம் இன்னும் செவியை மட்டுமே காண்கிறது. சத்தத்தால் ஏறிய இரத்த அழுத்தத்துக்கு இழப்பீடு கேட்க இப்போது வழியில்லை. அதனாலேயே அந்தப் பகுதியில் தடுப்பைத் தவிர வேறு துணையில்லை.

நான்கைந்து பேர் வேலை செய்யும் கூடங்கள் தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. மின்விசையோடு இயங்கும் கூடத்துக்கு முன்பு பத்துத் தொழிலாளர் என்றிருந்த வரம்பு புதிய தொகுப்பில் இருபதாக உயர்ந்துள்ளது. தறித் தொழிலில் பெரும்பான்மையோர் இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் அளவிலான ஏற்பாடே கைகொடுக்கும். விசைத்தறி உரிமையாளர் சங்கமும் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஓர் அளவுமானியை வாங்கி, கூடம் கூடமாகச் சுற்றுக்கு விடலாம். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு பேசி, வார விடுமுறைக்கு மறுநாள் காலையில் ஆடியோகிராம் முகாம் நடத்தக் கேட்கலாம். சென்னையில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்துக்குத் தொழில்சார் சுகாதாரப் பயிற்சி கோரி எழுதலாம். கடிதம் எழுதும்போது முதற்படியில் சொன்ன நோட்டிலிருந்து தறி எண், தேதி, டெசிபல் ஆகியவற்றைப் பட்டியலாக இணைத்து அனுப்புங்கள்.